தாளிக்கும் முன் ஒரு பங்கு: நாய்க்கு வீட்டிலேயே காய்கறி நொறுக்குத்தீனி

சேலத்தில் சாயங்காலம் ஆனால் தெருமுனைக்குத் தெருமுனை தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், காரச் சட்னி. வாங்கிச் சாப்பிடுகிறவர் காலடியில் ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். கடைசித் துண்டு அதற்குத்தான். அன்பாகப் போடுவதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு துண்டில் நாய்க்கு ஏற்றவை கேரட்டும் பீட்ரூட்டும் மட்டும்தான். வெங்காயம், பூண்டு, மிளகாய், உப்பு, பொரித்த எண்ணெய் எதுவும் அதற்கு ஆகாது.

நாய்க்கு வீட்டில் நொறுக்குத்தீனி செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு பழக்கத்தைத்தான். காய் நறுக்கும்போதே, உப்பும் காரமும் தாளிப்பும் சேரும் முன், நாயின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். சமைத்து முடித்தபின் மிச்சத்தைக் கழுவிப் போடுவதும், குழம்பிலிருந்து காயை மட்டும் பொறுக்கிப் போடுவதும் பயன்படாது. வெங்காயத்தில் இருப்பது குழம்பு முழுவதும் கலந்துவிடுகிறது. வேகவைத்தாலும் அதன் கெடுதல் போகாது.

எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு மழை நாளில் கிடைத்த நாட்டு நாய். நான்கு வயதில் 16 கிலோ இருந்தவள் ஆறு வயதில் 20 கிலோவைத் தொட்டாள். கால்நடை டாக்டர் என் கையைப் பிடித்து அவள் விலாவில் வைத்தார். எலும்பு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. “நடுவுல நடுவுல என்ன போடுறீங்க?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தோம். அப்பா காலைக் காபியோடு இரண்டு மேரி பிஸ்கட், பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு, மாடிக்குப் போனால் ஒன்று, இறங்கினால் ஒன்று, விருந்தாளி வந்தால் அவர் கையால் இரண்டு. பன்னிரண்டுக்குக் குறையாமல் போயிருக்கிறது. ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 300, அதுவும் மைதாவும் சர்க்கரையுமாக. அன்றுதான் இந்த வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் அளவு

செய்முறைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். எவ்வளவு நல்ல பண்டமானாலும் அளவு மீறினால் மேரி பிஸ்கட்டின் கதைதான். நாயின் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்குத்தீனியாகப் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. 16 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, அளவாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி தேவை. அதில் நொறுக்குத்தீனிக்கு 90. நாய் 10 கிலோ என்றால் 60, 30 கிலோ என்றால் 140, ஐந்தே கிலோ உள்ள சின்ன நாய்க்கு 37தான். குட்டி நாய்க்கும் கிழட்டு நாய்க்கும் கணக்கு வேறு, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்கறியின் நன்மை இங்கேதான் தெரியும். 100 கிராம் கேரட்டில் 40 கலோரி, பீன்ஸில் 30, மஞ்சள் பூசணியில் 25தான். சர்க்கரைவள்ளியில் மட்டும் 85க்கு மேல் வரும். அதனால் அதைக் கிழங்காகப் பார்க்காமல் இனிப்பாகப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இது நொறுக்குத்தீனி, சாப்பாடு ஆகாது. நாய்க்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கறி, அல்லது முழுச் சத்துள்ள கடைத் தீவனம் எதுவோ அது வேளாவேளைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். சைவ வீடுகளில் நாயையும் காய்கறியிலேயே வளர்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரையை அதற்குத் துணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்ன வாங்கலாம்

அஸ்தம்பட்டி, சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாபேட்டை என்று எந்த உழவர் சந்தை பக்கமோ அங்கே காலையிலேயே போய்விடுங்கள். நான் போகும் சந்தையில் ஒரு அம்மா கிழங்கு விற்கிறார். “பொடிக் கெழங்கா எடுக்கறியே, நாய்க்கா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே நீளமானதைப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார். நீளமான கிழங்கை வத்தலுக்கு வட்டமாக வெட்டினால் துண்டுகள் ஒரே அளவில் வரும், ஒரே நேரத்தில் காயும். அந்த விவரம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கேரட், பீன்ஸ், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளி என்று நான்கு போதும். மஞ்சள் பூசணியை எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம், பரங்கி என்று சொல்கிற வீடுகளும் உண்டு. விதையையும் தோலையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுங்கள். மலையிலிருந்து வரும் சௌசௌவும் நன்றாக ஒத்துக்கொள்ளும், வேகவைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். வெள்ளரிக்காய் வெயில் காலத்துக்கு. ஆனால் வெள்ளரி, சுரை வகைகளில் ஒரு துண்டை நீங்கள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கசந்தால் அந்தக் காயையே தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு மனிதருக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது.

பீட்ரூட்டைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. கெட்டது என்பதால் அல்ல. அதைத் தின்றால் மலம் சிவக்கும், சிறுநீரும் சிவக்கலாம். நாய்க்கு வெங்காய நஞ்சு ஏறினாலும் சிறுநீர் செந்நிறமாகவோ காபி நிறமாகவோ போகும். எது எதனால் என்று தெரியாமல் நீங்கள் தடுமாறும் நிலை வரக் கூடாது. மேலும், சிறுநீரில் கல் வந்த நாய்க்குப் பீட்ரூட், கீரை, சர்க்கரைவள்ளி மூன்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சர்க்கரை நோய், கணைய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் அப்படித்தான்.

எதைச் சேர்க்கவே கூடாது

சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள். பச்சையாகவோ வெந்தோ பொடியாகவோ எப்படி இருந்தாலும் கூடாது. இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சு வாங்குதல், நிறம் மாறிய சிறுநீர் என்று வரும். அதனால்தான் “எங்க நாய் பத்து வருஷமா சாம்பார் சாதம் சாப்பிடுது, ஒண்ணும் ஆகல” என்று பலர் சொல்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாயசத்தில் போடும் உலர்திராட்சையும், பச்சைத் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய்களுக்குச் சிறு அளவே போதும். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத பண்டங்களில் போடும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெயின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பச்சை உருளைக்கிழங்கும், தோல் பச்சை பூத்த உருளையும், தக்காளிச் செடியின் இலையும் காயும் வேண்டாம்.

சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காடும் சேகோ ஆலையுமாக இருக்கும். வீட்டில் கிழங்குக்குப் பஞ்சமில்லை. பச்சை மரவள்ளியிலும் அதன் தோலிலும் இலையிலும் வயிற்றுக்குள் போனால் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. இலையைத் தின்ற ஆடு செத்துப்போன கதை கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் அதே ஆபத்துதான். உரித்த தோலைக் கொல்லையில் கொட்டி வைக்காதீர்கள். தோல் உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்ட கிழங்கில் ஆபத்து இல்லை. ஆனால் அது வெறும் மாவுச்சத்து, எடை போடத்தான் உதவும். இருக்கிற நல்ல காய்களை விட்டுவிட்டு நாய்க்கு அதைக் கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஜவ்வரிசியும் அதே கணக்குதான்.

மாம்பழக் காலத்தில் சதையை இரண்டு துண்டு கொடுக்கலாம். கொட்டையை மட்டும் எட்டாத இடத்தில் போடுங்கள். மல்கோவா கொட்டையை ஒரு பெரிய நாய் முழுசாக விழுங்கிவிடும். குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

மலையில் இருப்பவர்களுக்கு வேறு கவலை. என் அத்தை வீடு ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டி. காபிப் பழம் பழுத்து உதிரும்போது அதன் தோல் இனிக்கும், நாய் பொறுக்கித் தின்னப் பார்க்கும். கொட்டையில் இருக்கும் காஃபீன் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும், வலிப்பும் வரும். வடிகட்டிய காபிச் சக்கையை ரோஜாச் செடிக்குப் போடும் வீடுகள் அதை மண்ணுக்குள் தள்ளி மூடிவிடுங்கள். அங்கே விளையும் பட்டர் ஃப்ரூட்டையும் நாய்க்கு நான் தருவதில்லை. கொழுப்பு அதிகம், கொட்டை தொண்டையில் அடைக்கும் அளவு பெரிது, தோலிலும் இலையிலும் ஆகாத பொருள் இருக்கிறது. பேரிக்காய் தாராளமாகத் தரலாம், நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிட்டு.

முதல் நாள்: வேகவைத்த பீன்ஸ்

இதைச் செய்முறை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும். பத்துப் பீன்ஸை நாரெடுத்து, விரல் மூட்டு நீளத்துக்கு நறுக்கி, இட்லிக் குண்டாவில் எட்டு நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் உடைய வேண்டும். உப்பு வேண்டாம். ஆறவிட்டு, முதல் நாள் இரண்டே துண்டு. அப்புறம் மூன்று நாள் வேறு புதுப் பண்டம் எதுவும் கொடுக்காமல் மலத்தையும் தோலையும் கவனியுங்கள். வயிறு இளகவில்லை, காதைப் போட்டுச் சொறியவில்லை என்றால் அந்தக் காய் உங்கள் நாய்க்கு ஒத்துக்கொண்டது. இதே மாதிரி ஒவ்வொரு காயாக. நான்கு காயையும் ஒரே நாளில் அரைத்துப் போட்டு வயிற்றால் போனால், எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

கேரட்டைப் பச்சையாகவே பல நாய்கள் கடிக்கும். தவறில்லை. ஆனால் நாயின் வயிறு பச்சைக் காயின் நாரைச் சரியாக உடைப்பதில்லை, உள்ளே போன ஆரஞ்சுத் துண்டு அப்படியே வெளியே வரும். சத்து சேர வேண்டும் என்றால் வேகவையுங்கள், அல்லது துருவுங்கள். முக்கியமாக, வட்ட வட்டமாக வெட்டாதீர்கள். சின்ன நாயின் தொண்டையில் ஒரு வட்டக் கேரட் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். நீளவாக்கில் பிளந்து குச்சி குச்சியாக வெட்டுங்கள்.

சர்க்கரைவள்ளி, ராகி பிஸ்கட்

மேரி பிஸ்கட்டுக்கு மாற்றாக எங்கள் வீட்டில் நிலைத்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேண்டியவை மூன்றே: வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளி 150 கிராம், ராகி மாவு 150 கிராம், ஒரு முட்டை. உப்பு, வெல்லம், நெய், சமையல் சோடா எதுவும் வேண்டாம்.

ராகியை நான் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வாங்கிக் கல் பார்த்து, கழுவிக் காயவைத்து, மிஷினில் கொடுத்து அரைக்கிறேன். மிஷின்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், முன்னால் மிளகாயோ மல்லியோ அரைத்தாரா என்று. அரைத்திருந்தால் வேறொருவர் அரிசியோ கோதுமையோ அரைத்து முடிக்கும் வரை காத்திருங்கள். மாவில் ஏறின காரம் நமக்குத் தெரியாது, நாயின் மூக்குக்குத் தெரியும்.

கிழங்கைத் தோலோடு ஆவியில் வையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நீர் கோத்துக்கொண்டு மாவை இழுத்துவிடும். நடுத்தரக் கிழங்கு இட்லிக் குண்டாவில் இருபது, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஏற்காட்டில் இன்னும் ஐந்து நிமிடம் கூட. அந்த 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும், அதனால் ஆவியின் சூடும் அவ்வளவுதான். குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். சூடு பொறுக்கும் பதத்தில் தோலை உரித்து, கையால் மசியுங்கள். கரண்டியால் மசித்தால் நார் தெரியாது. கையில் வெள்ளை நூல் மாதிரி வரும் நாரை எல்லாம் உருவி எடுத்துவிடுங்கள். சில கிழங்கில் ஒரு கைப்பிடி வரும்.

ராகி மாவை வெறும் வாணலியில் சின்னத் தீயில் நான்கைந்து நிமிடம் வறுங்கள். பச்சை வாசனை போய், மழை பெய்து நின்ற மண் மாதிரி ஒரு மணம் எழும். அப்போது இறக்கிவிடுங்கள். நன்றாக ஆறியபின் கிழங்கோடு சேர்த்து, முட்டையை உடைத்து ஊற்றிப் பிசையுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றவே வேண்டாம். கிழங்கிலேயே ஈரம் இருக்கிறது. இரண்டு நிமிடம் பிசைந்தும் உதிர்ந்தால் மட்டும் ஒரு ஸ்பூன் தெளியுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். முட்டை சேர்க்காத வீடு என்றால் புளிக்காத தயிர் இரண்டு ஸ்பூன் ஊற்றலாம். ஓரம் கொஞ்சம் உதிரும், நாய்க்கு அது ஒரு குறையில்லை.

ராகி மாவு கோதுமை மாதிரி இழுபடாது, குழவியால் தேய்த்தால் பிளந்துகொள்ளும். வாழை இலைத் துண்டு இரண்டுக்கு நடுவில் உருண்டையை வைத்து உள்ளங்கையால் தட்டுங்கள். பென்சில் கனம் இருக்கட்டும். மேல் இலையை எடுத்துவிட்டுக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். இந்த அளவுக்குச் சுமார் அறுபது துண்டு வரும். ஒன்றில் 11, 12 கலோரிதான். 16 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏழு போதும். உட்கார், நில் என்று பழக்குவதற்காக என்றால் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டிவிடுங்கள். நாய்க்குத் துண்டின் அளவு முக்கியமில்லை, எத்தனை முறை கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஓவன் இருந்தால் 160 டிகிரியில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். அணைத்த பிறகு உடனே எடுக்காமல் உள்ளேயே ஆறவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும். ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல் போதும். தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, துண்டுகளைப் பரப்பி, மூடி போட்டு ஒரு பக்கம் பன்னிரண்டு நிமிடம், திருப்பி ஒரு பன்னிரண்டு. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே மாவாக இருக்கும். கல்லில் சுட்டது மொறுமொறுப்பாக வராது, அதிரசம் போல நடுவில் மெத்தென்று இருக்கும். அதனால் அதை டப்பாவில் போட்டு வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

முதல் முறை நான் செய்தபோது செவலை ஒரு துண்டை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வேண்டாம் என்று போட்டுவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, மூலை மூலையாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பல் இல்லாத நாய்க்கு அரசாணி இட்லி

அத்தை வீட்டு லாப்ரடாருக்குப் பதிமூன்று வயது. பாதிப் பல் போய்விட்டது. பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். “ஏங்கண்ணு, நமக்குப் பல்லு போனா என்ன சாப்பிடுவோம், இட்லிதானே” என்றார் அத்தை. அப்படி வந்தது இது.

அரசாணிக்காயை ஆவியில் வேகவைத்து மசித்து, ஒரு கப் மசியலுக்கு அரைக் கப் வறுத்த ராகி மாவு, ஒரு முட்டை என்று கலந்து, இட்லித் தட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவி ஊற்றிப் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். சாமை மாவு கிடைத்தால் இன்னும் மென்மையாக வரும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் சாமை விளைகிறது. வீட்டில் அரைத்து வைத்திருக்கும் இட்லி மாவில் கலந்து செய்யலாமா என்று கேட்பார்கள். அதில் உப்புப் போட்டிருப்போம், வேண்டாம். புளித்த பச்சை மாவு எதையும் நாய் நக்கும்படி வைக்கவும் வேண்டாம்.

வெயிலுக்கு, வத்தலுக்கு

ஏப்ரல், மே மாதத்தில் சேலத்து வெயிலில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் கிடக்கும். அப்போது மூன்று பங்கு அரசாணி மசியலும் ஒரு பங்கு புளிக்காத தயிரும் கலந்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிட்டு, தினம் இரண்டு கட்டி கொடுங்கள். எடுத்த உடனே கல்லாக இருக்கும்போது கொடுக்காதீர்கள். பல் தெறிக்கும். ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் ஓரம் இளகும், அதுதான் பதம். தயிர் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வெறும் மசியல் போதும்.

அதே வெயிலில் வத்தலும் போடலாம். ஆனால் நம் வத்தலில் உப்புத்தான் காவல். நாய்க்கு உப்பு இல்லாமல் காயவைக்கிறோம் என்பதால் பூஞ்சை எளிதாக வரும். கேரட்டையோ சர்க்கரைவள்ளியையோ ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குச் சீவி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கொசுவலை போட்டு மொட்டை மாடியில் வையுங்கள். மாலை நான்கரைக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும், இரவுப் பனி பட்டால் போச்சு. இரண்டு மூன்று நாளில் ஒடித்தால் “டக்” என்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஓவனிலோ தோசைக்கல்லிலோ சூடேற்றி முடித்துவிடுங்கள். மேகம் கட்டும் நாளில் தொடங்கவே வேண்டாம். ஏற்காட்டில் வெயிலை நம்பி வத்தல் போட முயன்று இரண்டு தடவை மொத்தத்தையும் கொட்டியிருக்கிறோம். அங்கே ஓவனில் 110 டிகிரியில் மூன்று மணி நேரம்தான் சரி.

கொடுக்கும் விதம்

நாய்க்குப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி மூலையில். போட்டியில் விழுங்கினால்தான் தொண்டையில் சிக்கும்.

ஏற்காடு மலைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டையும் நொறுக்குத்தீனியையும் நிறுத்திவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வயிறு நிறைந்த நாய் பாதி வழியிலேயே வாந்தி எடுக்கும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மே மாதக் கோடை விழாவில் நாய்க் கண்காட்சியும் நடக்கும். பையில் நீங்கள் சுட்ட பிஸ்கட் இருக்கும், அடுத்தவர் நாய் ஆசையாகப் பார்க்கும். வளர்க்கிறவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதற்கு என்ன ஒவ்வாமை என்று அவருக்குத்தான் தெரியும்.

செவலைக்கு எடை 20 கிலோவிலிருந்து 17க்கு வர எட்டு மாதம் ஆனது. பிஸ்கட் மாறியது ஒரு பக்கம், ஒரு நாளைக்கு ஏழு என்று எண்ணிக் காலையிலேயே தனி டப்பாவில் போட்டு வைத்தது இன்னொரு பக்கம். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று அப்பாவுக்கும் பழகிவிட்டது.

எடுத்து வைப்பது

ஓவனில் நன்றாகக் காய்ந்த பிஸ்கட்டும் வத்தலும் சேலத்தில் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். தோசைக்கல் பிஸ்கட், இட்லி, வேகவைத்த காய் எல்லாம் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் வேண்டும் என்றால் ஃப்ரீசரில், இரண்டு மாதம் வரை. சூடாக இருக்கும்போது டப்பாவை மூடாதீர்கள், மூடியில் வியர்க்கும் தண்ணீர் போதும் எல்லாவற்றையும் கெடுக்க. மூடியில் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். நாய்ப் பண்டம் என்றும் எழுதுங்கள், வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிட்டு உப்பில்லை என்று சொல்லும்.

நம் ஊரில் இரண்டு வாரம் நிற்கும் அதே பிஸ்கட் ஆடி மாதம் ஏற்காட்டில் மூன்றாம் நாளே நமத்துப்போகும். மூடுபனி சமையலறைக்குள்ளேயே வந்து நிற்கிறது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். நமத்ததைத் தோசைக்கல்லில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் திரும்ப வந்துவிடும். ஆனால் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும், பூஞ்சை வாடை அடித்தாலும், அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பூஞ்சையின் நஞ்சு டப்பா முழுவதும் பரவியிருக்கலாம், சூடாக்கினாலும் போகாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கொட்டுவதைத் தெருநாய்க்குப் போடாதீர்கள், காக்கைக்கும் வைக்காதீர்கள். ஒரு முழம் பள்ளம் தோண்டி மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.